மூலமும் உரையும்: இயங்குதளக் கருவின் வழுவாய்வுக் கோப்புகளுக்கு உரிய இடம்

முன்னுரை

கோப்பெங் முதலாகக் கிந்தா பள்ளத்தாக்கின் ஊர்களில் ஈயச் சுரங்கத் தொழில் செழித்திருந்த காலத்தில், மண்ணும் நீரும் கலந்த குழம்பைப் பாலோங் என்னும் நீண்ட சாய்வுத் தொட்டியில் ஓடவிடுவர். எடை மிக்க ஈயத்தாது தடுப்புகளில் தங்கும். மணலும் களியும் நீரோடு ஒழுகிப் போகும். தங்கிய தாதுவை மேலும் தூய்மை செய்யும்போது கருநிறக் கனிம மணல் ஒன்று பிரியும். அதற்கு அமாங் என்று பெயர். ஈயத்தையே நாடியவர்க்கு அது தொடக்கத்தில் பயனற்ற எச்சமாகத் தோன்றியது. பின்னர் இல்மனைட்டு, சிர்க்கோன், மோனசைட்டு ஆகிய கனிமங்கள் அதனுள் இருப்பது அறியப்பட்டு அதற்கும் விலை ஏற்பட்டது. அமாங்கைப் பிரித்தெடுப்பதற்கென்றே தொழிற்கூடங்கள் தோன்றின. ஒதுக்கியதைக் காத்து வைத்தவர் பயன் பெற்றனர், எறிந்தவர் இழந்தனர்.

ஒதுக்கப்படும் பொருளை எங்கே வைப்பது என்னும் இக்கேள்வி கணினித் துறையிலும் அரை நூற்றாண்டுக்கு மேலாக எழுந்துகொண்டே இருக்கிறது. இயங்குதளத்தின் உயிர்ப்பகுதியாகிய கருவை உருவாக்கும்போது, அதன் பிழைகளை ஆராய்வதற்கு வேண்டிய விளக்கக் கோப்புகளும் உடன் பிறக்கின்றன. அன்றாட இயக்கத்திற்கு அவை வேண்டா. ஆயினும் கரு நிலைகுலைந்து வீழும் நாளில், அதன் காரணத்தை அறிய அவற்றை விட்டால் வேறு துணை அரிது. அவற்றைக் கருவோடு சேர்த்து வைப்பதா, தனியே வைப்பதா, தனியே வைப்பின் எவ்விடத்தில் வைப்பது என்னும் சிக்கலின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வழு என்னும் சொல்

கணினி நிரலில் நேரும் பிழையை ஆங்கிலத்தில் பூச்சி என்று பொருள்படும் 'பக்' என்னும் சொல்லால் குறிப்பர். பொறியாளர்கள் இச்சொல்லை முன்னரே ஆண்டுவந்தனர் எனினும், கணினி வரலாற்றில் அதற்குப் புகழ் தேடித் தந்தது 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியாகும். ஆர்வர்டு மார்க் 2 என்னும் கணினியின் மின்தொடுப்பு ஒன்றில் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. பணியாளர்கள் அதனை எடுத்து, நாட்குறிப்பேட்டில் ஒட்டி, குறிப்பும் எழுதி வைத்தனர். அவ்வேடு இன்று அமெரிக்காவின் சுமித்சோனியன் அரும்பொருளகத்தில் உள்ளது. பூச்சியை எடுத்து எறிந்திருப்பினும் பொறி இயங்கியிருக்கும். ஆயினும் அது நாளும் நேரமும் குறித்த ஏட்டில் இடம்பெற்றமையால் அன்றோ அந்நிகழ்ச்சி இன்றும் அறியப்படுகிறது? பிழையின் சான்றுக்கு உரிய இடம் ஒன்று வேண்டும் என்பதை அவ்வேடே காட்டிவிடுகிறது.

தமிழ்க் கணினித் துறையினர் 'பக்' என்பதற்கு வழு என்னும் சொல்லை வழங்குகின்றனர். இலக்கணம் கற்றோர்க்கு இச்சொல் பழகிய ஒன்று. வழு, வழாநிலை, வழுவமைதி என்னும் பாகுபாடு தொல்காப்பிய மரபில் வந்தது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழுவை எழுவகையாகப் பகுத்து, அஃது எவ்விடத்தில் நேர்ந்தது என்று காட்டுவது இலக்கண ஆசிரியர் முறை. பிழை உண்டு என்று கூறுவதோடு அமையாமல், பிழை நேர்ந்த இடத்தைப் பெயர் சுட்டிக் காட்டுவதே அம்முறையின் சிறப்பு. கணினியின் வழுவாய்வும் அதனையே நாடுகிறது.

கருவும் அதன் உரையும்

இயங்குதளம் என்பது கணினியின் உறுப்புகளையும் அதில் ஓடும் நிரல்களையும் ஒழுங்கு செய்யும் அடிப்படை மென்பொருள். அதன் நடுவே இருந்து நினைவகத்தைப் பங்கிட்டு, வட்டையும் விசைப்பலகையையும் வலையமைப்பையும் ஆளும் பகுதியைக் 'கெர்னல்' என்பர். அதனையே இக்கட்டுரை கரு என்று குறிக்கிறது. சாதாரண நிரல் ஒன்று பழுதானால் அந்நிரல் மட்டும் நிற்கும். கரு பழுதானாலோ கணினி முழுவதும் நின்றுவிடும்.

கருவை எழுதுவோர் மனிதர் படித்தறியத்தக்க மூலநிரலாக அதனை எழுதுகின்றனர். அதில் ஒவ்வொரு செயற்கூறுக்கும் பெயர் உண்டு. ஒவ்வொரு மாறிக்கும் பெயர் உண்டு. தொகுப்பி என்னும் மென்பொருள் அதனை எந்திரமொழியாக மாற்றுகிறது. எந்திரத்திற்குப் பெயர்கள் வேண்டா. நினைவக முகவரிகளே போதும். ஆதலின் இயங்கும் கருவில் பெயர்கள் மறைந்து எண்களே எஞ்சும். அவ்வெண்களில் எது எந்தச் செயற்கூறு, மூலநிரலின் எந்தக் கோப்பில் எத்தனையாவது வரி என்பதை விளக்கும் செய்திகளையும் தொகுப்பி தனியே எழுதித் தரவல்லது. அவையே வழுவாய்வுச் செய்திகள் ஆகும்.

தமிழாசிரியர்க்கு இதனை மூலமும் உரையும் என்று கூறினால் எளிதில் விளங்கும். எந்திரமொழியில் அமைந்த கரு மூலம். வழுவாய்வுச் செய்தி அதன் உரை. பழந்தமிழ் நூல்களுக்கு உரை அமைந்தது போலவே இங்கும் இருவகை உரைகள் உண்டு. லினக்ஸ் கருவோடு வரும் 'சிஸ்டம் மேப்' என்னும் சிறுகோப்பு முகவரிகளையும் அவற்றுக்குரிய பெயர்களையும் மட்டும் வரிசையாகத் தரும். இஃது அரும்பதவுரை போன்றது. மூலநிரலின் வரி எண்ணையும், ஒவ்வொரு தரவின் அமைப்பையும் சொல்லும் முழு வழுவாய்வுக் கோப்போ விரிவுரை போன்றது. விரிவுரை மூலத்தினும் பன்மடங்கு பெரிதாதல் போல, சில மெகாபைட் அளவே உள்ள சுருக்கிய கருவுக்கு உரிய முழு விளக்கக் கோப்பு பல நூறு மெகாபைட் வரை விரிந்துவிடும். எனவேதான் இடம் பற்றிய சிக்கல் எழுகின்றது.

சிலப்பதிகாரத்தை உ. வே. சாமிநாதையர் 1892இல் பதிப்பித்தபோது அரும்பதவுரையும் அடியார்க்குநல்லார் உரையும் உடன் வெளிவந்தன. அடியார்க்குநல்லார் உரை நூல் முழுமைக்கும் கிடைக்கவில்லை. கானல்வரிக்கும், மதுரைக் காண்டத்தின் பிற்பகுதி முதலாக நூல் இறுதி வரைக்கும் அவ்வுரை இல்லை. அவர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றிலும் பழையவுரை 266 பாடல்களோடு நின்றுவிடுகிறது. மூலம் இருந்தும் உரை இல்லாத இடங்களில் கற்போர் படும் இடர்ப்பாட்டை ஆசிரியர் அனைவரும் அறிவர். உரையைக் காப்பது மூலத்தைக் காப்பதற்கு ஒப்பான கடமை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

யூனிக்ஸ் வகுத்த வழி

1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். 1973இல் அதன் கரு சி மொழியில் திருத்தி எழுதப்பட்டது. அக்கால வட்டுகள் மிகச் சிறியன. இயங்குதளத்தின் கோப்புகள் முதல் வட்டில் அடங்காதபோது, பயனர்களின் கோப்புகளுக்கென வைத்திருந்த இரண்டாம் வட்டில் அவை குடியேறின. பயனர் என்னும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கமாகிய 'யூஎஸ்ஆர்' என்பதே அவ்வடைவின் பெயர். பின்னாளில் பயனர்களின் கோப்புகள் வேறிடம் சென்றபோதும், குடியேறிய இயங்குதளக் கோப்புகள் அங்கேயே நிலைத்துவிட்டன. இன்று உலகெங்கும் வழங்கும் ஓர் ஒழுங்கு, இடநெருக்கடியால் பிறந்தது என்பது நினைக்கத்தக்கது.

அன்றைய யூனிக்ஸில் கருவின் கோப்பு, அடைவு மரத்தின் வேரிலேயே 'யூனிக்ஸ்' என்னும் பெயரோடு வீற்றிருந்தது. பெயர்ப் பட்டியலும் அக்கோப்பிலேயே இருந்தது. ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் கட்டளை கூட, கருவின் தரவுகள் நினைவகத்தில் எம்முகவரியில் உள்ளன என்பதை அப்பட்டியலைப் பார்த்தே அறிந்தது. ஆதலால் மூலமும் சிற்றுரையும் ஒரே சுவடியில் இருந்தன எனலாம். கரு வீழ்ந்தால், இயக்குநர் காந்த நாடாவைப் பொருத்தி நினைவகத்தில் உள்ளதை அதில் படியெடுக்க வழி இருந்தது. அந்நாளில் நினைவகம் சிறு காந்த வளையங்களால் ஆனமையின், அப்படியை 'கோர்' என்னும் பெயரால் வழங்கினர். காந்த வளையங்கள் மறைந்து பல்லாண்டுகள் ஆகியும் அப்பெயர் மறையவில்லை.

1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் தம் யூனிக்ஸ் வகையில் மேலும் ஒரு நுட்பத்தைப் புகுத்தினர். கரு வீழும் தறுவாயில் கோப்பு முறைமையை நம்பி எழுதுதல் தகாது. நோயுற்ற கரு நல்ல கோப்புகளையும் கெடுத்துவிடக் கூடும். ஆதலால் நினைவகத்தின் நெருக்கடியைத் தணிப்பதற்கென வட்டில் ஒதுக்கிய பகுதியில் நினைவகப் படி முதலில் எழுதப்பட்டது. கணினி மீண்டும் எழுந்தபின் 'சேவ்கோர்' என்னும் நிரல் அப்படியை எடுத்து, வரிசை எண்ணிட்டு, உரிய அடைவில் சேர்த்தது. அப்போது நினைவகப் படியை மட்டுமன்றி, வீழ்ந்த கருவின் நகலையும் அதே எண்ணிட்டு அருகில் வைத்தது. நாளை கரு மாற்றப்பட்டாலும், இன்றைய வீழ்ச்சிக்கு இன்றைய கருவே சான்று என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். மூலமும் உரையும் சான்றும் ஒரே கட்டாகக் கட்டப்பட்ட நல்ல ஏற்பாடு அது.

குடிவராத வீடு

1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். பலர் பலவாறு அதனைத் தொகுத்து வழங்கியமையால், எக்கோப்பு எவ்விடத்தில் இருக்க வேண்டும் என்பதில் குழப்பம் மிகுந்தது. அதனைத் தீர்க்க 1994இல் கோப்பு முறைமைக்கான பொது ஒழுங்கு ஒன்று வெளிவந்தது. அது பின்னர் விரிவாக்கப்பட்டு, யூனிக்ஸ் மரபைச் சேர்ந்த பிற இயங்குதளங்களுக்கும் பொருந்தும் தரமாக வளர்ந்தது.

அவ்வொழுங்கின் அடிப்படை, கோப்புகளின் இயல்பை அறிந்து இடம் வகுப்பதாகும். மாறாத கோப்புகளும் பல கணினிகள் பகிர்ந்துகொள்ளத்தக்க கோப்புகளும் 'யூஎஸ்ஆர்' அடைவில் இருத்தல் வேண்டும். நாள்தோறும் மாறுவனவும் வளர்வனவும் 'வார்' அடைவில் இருத்தல் வேண்டும். கணினி எழுவதற்கு இன்றியமையாதவை மட்டும் 'பூட்' அடைவில் இருத்தல் வேண்டும். இம்மூன்று விதிகளையும் நோக்கினால், கருவின் வழுவாய்வு தொடர்பான கோப்புகள் ஒரே இனம் அல்ல என்பது புலனாகும். கரு பூட்டுக்கு உரியது. அதன் உரை, கரு மாறும் வரை மாறாதது. ஆதலின் யூஎஸ்ஆருக்கு உரியது. கரு வீழ்ந்தபோது எடுத்த நினைவகப் படியோ ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் புதிதாகத் தோன்றுவது. ஆதலின் வாருக்கு உரியது.

2004இல் வெளிவந்த அத்தரத்தின் 2.3ஆம் பதிப்பு, நினைவகப் படிகளுக்கென வார் அடைவினுள் 'கிராஷ்' என்னும் அடைவை வகுத்திருந்தது. ஆயினும் அத்தகைய படியெடுப்பு அப்போது லினக்ஸில் இல்லை என்றும் உடன் குறித்திருந்தது. வீடு கட்டி முடிந்தது, குடிவருவோர்தாம் இல்லை. 1999 அளவில் தொடங்கிப் பல குழுக்கள் இதற்கு முயன்றிருந்தன. எனினும் அவை லினக்ஸின் மூலக் கருவில் இடம்பெறவில்லை. கருவுக்குள் வழுவாய்வுக் கருவி ஒன்றை அமைப்பதை டோர்வால்ட்ஸ் விரும்பவில்லை. மூலநிரலை ஆழ்ந்து படித்துச் சிந்திப்போரே நல்ல திருத்தம் செய்வர் என்பது 2000ஆம் ஆண்டில் அவர் எழுதிய கருத்தின் சாரம். அம்முயற்சிகளில் மற்றொரு குறையும் இருந்தது. வீழ்ந்துகொண்டிருக்கும் கருவே தன் வீழ்ச்சியை வட்டிலோ வலையிலோ எழுத வேண்டியிருந்தது. மயங்கி விழுபவர் கையிலேயே எழுதுகோலைக் கொடுத்து, நேர்ந்ததை எழுதுக என்று கேட்பதற்கு அஃது ஒப்பாகும்.

பெங்களூரில் வளர்ந்த தீர்வு

இந்நிலையை மாற்றிய ஆக்கத்தில் இந்தியப் பொறியாளர்க்குப் பெரும்பங்கு உண்டு. பெங்களூரில் ஐ.பி.எம். நிறுவனத்தின் லினக்ஸ் தொழில்நுட்ப நடுவத்தைச் சேர்ந்தோர், ஓடிக்கொண்டிருக்கும் கருவின் எவ்விடத்திலும் ஆய்வுமுனை ஒன்றைப் பொருத்திப் பார்க்கும் 'கே-புரோப்ஸ்' என்னும் அமைப்பில் உழைத்தனர். அது 2004இல் லினக்ஸின் 2.6.9ஆம் பதிப்பில் இடம்பெற்றது. அதனை அடுத்து வந்ததே 'கே-டம்ப்' என்னும் நினைவகப் படியெடுப்பு முறை. 2005ஆம் ஆண்டு கனடாவின் ஒட்டாவா நகரில் நடைபெற்ற லினக்ஸ் கருத்தரங்கில் விவேக் கோயல், எரிக் பீடர்மன், ஹரிபிரசாத் நெல்லித்தீர்த்தா ஆகிய மூவரும் அதனைப் பற்றிய கட்டுரையை அளித்தனர். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் வெளிவந்த 2.6.13ஆம் பதிப்பில் கே-டம்ப் லினக்ஸ் கருவின் பகுதியாயிற்று.

அம்முறையின் நுட்பம் எளிமையானது, ஆயினும் ஆழமானது. கணினி எழும்போதே நினைவகத்தில் ஒரு பகுதி ஒதுக்கப்படும். அதில் இரண்டாம் கரு ஒன்று முன்கூட்டியே ஏற்றி வைக்கப்படும். முதற்கரு நலமாக இருக்கும் வரை இரண்டாம் கரு உறங்கும். முதற்கரு வீழ்ந்த அக்கணமே, எரிக் பீடர்மன் ஆக்கிய 'கெக்ஸெக்' என்னும் முறையால் இரண்டாம் கரு எழும். கணினியை முற்றும் நிறுத்தித் தொடங்காமையால் நினைவகத்தில் உள்ளவை அழிவதில்லை. இரண்டாம் கரு தனக்கென ஒதுக்கிய சிற்றிடத்திலேயே ஓடுவதால், முதற்கரு விட்டுச்சென்ற நினைவகம் கலையாமல் இருக்கும். அந்நினைவகம் முழுவதையும் 'விஎம்கோர்' என்னும் ஒரு கோப்பைப் போல அது காட்டும். பயனற்ற பக்கங்களை நீக்கிச் சுருக்கி, வார் அடைவின் கிராஷ் பகுதியிலோ வலையின் வழியே வேறொரு கணினியிலோ அது சேர்க்கப்படும். பின்னரே கணினி முறையாக மீண்டும் தொடங்கும். மயங்கியவர் கையில் எழுதுகோலைக் கொடாமல், அருகே விழித்திருக்கும் நலமான சான்றாளர் ஒருவரை அமர்த்தியது போன்ற ஏற்பாடு இது. குடிவராத வீட்டிற்குக் குடி வந்தது.

ஆயினும் நினைவகப் படி மட்டும் இருந்தால் போதாது. அது கோடிக்கணக்கான எண்களின் குவியல். அதனைப் படிக்கும் 'கிராஷ்' என்னும் ஆய்வுக்கருவி, வீழ்ந்த கருவுக்கே உரிய வழுவாய்வுச் செய்தி அடங்கிய கோப்பையும் உடன் கேட்கும். அது கிட்டாவிடில், படி ஊமைச் சாட்சியாகக் கிடக்கும். எனவே சான்றுக்கு இடம் கிடைத்தபின், உரைக்கு இடம் எது என்னும் கேள்வி முன்னிலும் கூர்மையாயிற்று.

உரையைத் தனியே வைத்தல்

உரையைக் கருவோடு சேர்த்தே பூட் அடைவில் வைப்பது முதல் வழி. தேடும் வேலை இல்லை என்பது அதன் நன்மை. ஆனால் பூட் அடைவு பல கணினிகளில் தனிச்சிறு பகுதியாக அமைந்திருக்கும். பழைய கரு, புதிய கரு என இரண்டு மூன்று கருக்களை அங்கு வைத்தல் வழக்கம். புதிய கரு எழாவிடில் பழைய கருவால் கணினியை எழுப்பலாம். ஒவ்வொன்றுக்கும் பன்மடங்கு பெரிய உரையையும் அங்கேயே வைத்தால் இடம் நிறைந்து, புதிய கருவை நிறுவ இயலாமற்போகும். பிழையை ஆராய வைத்த கோப்பே பிழைக்குக் காரணமாகிவிடும்.

ஆகையால் லினக்ஸ் வழங்குவோர், கருவிலிருந்து வழுவாய்வுச் செய்தியை உரித்தெடுத்து, யூஎஸ்ஆர் அடைவில் லிப் என்னும் பிரிவினுள் 'டீபக்' என்னும் தனி அடைவில் வைக்கும் வழக்கத்தை மேற்கொண்டனர். அவ்வடைவின் உள்ளமைப்பு குறிப்பிடத்தக்கது. மூலக்கோப்பு எந்த அடைவு வழியில் உள்ளதோ, அதே வழி டீபக் அடைவினுள்ளும் நிழல்போல் அமைந்திருக்கும். டெபியன் வழங்கும் தொகுப்பில் பூட் அடைவில் உள்ள கருவுக்கு, டீபக் அடைவினுள் உள்ள பூட் பிரிவில் உரை இருக்கும். மூலத்தின் முகவரி தெரிந்தால் உரையின் முகவரியும் தானே தெரியும்.

பெர்க்லி மரபில் வந்த ஃபிரீபிஎஸ்டி இயங்குதளத்தின் வரலாறும் இதற்குச் சான்று. நெடுங்காலம் அதன் கருவுக்குரிய வழுவாய்வுக் கோப்புகள் கருவின் அருகிலேயே, பூட் அடைவில் இருந்தன. 2016இல் வெளிவந்த 11ஆம் பதிப்பில் அவை யூஎஸ்ஆர் அடைவின் டீபக் பிரிவிற்கு மாற்றப்பட்டன. பழைய இடத்திலேயே வைக்க விரும்புவோர்க்கும் வழி விடப்பட்டது. கருவை உருவாக்கிச் சோதிப்போர்க்கு அருகில் இருத்தல் நன்று. கருவைப் பயன்படுத்துவோர்க்குத் தனியே இருத்தல் நன்று. இருதிறத்தாரையும் மனத்திற்கொண்டு விதியும் விலக்கும் உடன் அமைத்த இம்முடிவு, வழுவமைதி கண்ட இலக்கண மரபை நினைவூட்டுகிறது.

பெயரினும் எண்ணே துணை

தனியே வைத்தால் மற்றோர் இடர் எழும். எந்த மூலத்திற்கு எந்த உரை என்பதை எவ்வாறு அறிவது? பாடவேறுபாடு மிக்க ஏடுகளைப் பதிப்பிப்போர் இவ்விடரை நன்கு அறிவர். உரையாசிரியர் கண்ட பாடம் ஒன்றாகவும் கையில் உள்ள மூலத்தின் பாடம் வேறாகவும் இருப்பின், உரை வழிகாட்டாது, வழி திருப்பிவிடும். கருவிலும் அவ்வாறே. ஒரே மூலநிரலைச் சிறு மாற்றத்தோடு மீண்டும் தொகுத்தாலும் முகவரிகள் இடம் மாறும். பழைய உரையைக் கொண்டு புதிய கருவைப் படித்தால், குற்றமற்ற செயற்கூறு குற்றவாளியாகக் காட்டப்படும். உரை இல்லாமையினும் தவறான உரை கொடிது.

முதலில், பிரித்தெடுத்த கோப்பின் பெயரையும் ஒரு சரிபார்ப்பு எண்ணையும் மூலக்கோப்பில் பொறித்து வைத்தனர். 2007ஆம் ஆண்டளவில் ரெட் ஹேட் நிறுவனத்தின் ரோலண்டு மெக்கிராத் என்பாரின் முயற்சியால், ஒவ்வொரு தொகுப்புக்கும் தனித்த அடையாள எண் ஒன்றை அளிக்கும் முறை ஃபெடோரா லினக்ஸில் புகுந்தது. பெரும்பாலும் அது பதினாறன் எண்முறையில் 40 இலக்கங்களைக் கொண்டது. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படுவது. அவ்வெண் மூலத்திலும் இருக்கும், உரையிலும் இருக்கும். டீபக் அடைவினுள் முதலிரண்டு இலக்கங்கள் அடைவின் பெயராகவும் எஞ்சியவை கோப்பின் பெயராகவும் அமையும். நூலகத்தில் நூல்களை வகைப்பாட்டு எண்ணால் தேடுவது போல, வீழ்ந்த கருவின் உரையை எண்ணால் தேடி எடுக்கலாம். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் இயங்குதளமும் இதே கொள்கையைத் தன் வழியில் பின்பற்றுகிறது. அதன் உரைக்கோப்புகள் தனியே வைக்கப்பட்டு, அடையாள எண்ணால் மூலத்தோடு பிணைக்கப்பட்டு, வேண்டுவோர்க்கு வலையின் வழியே அனுப்பப்படுகின்றன.

2019ஆம் ஆண்டு நவம்பரில் லினக்ஸ் உலகிலும் 'டீபக்-இன்ஃபோ-டி' என்னும் பணிநிரல் வெளிவந்தது. வழுவாய்வுக் கருவி அடையாள எண்ணை அனுப்பினால், அதற்குரிய கோப்பை அப்பணிநிரல் வலையின் வழியே தரும். இனி ஒவ்வொரு கணினியும் தன் உரையைத் தானே சுமக்க வேண்டுவதில்லை. பொது நூலகம் ஒன்றில் உரை இருந்தால் போதும். இடம் பற்றிய பழைய வழக்கு இதனால் பெரிதும் தணிந்தது. எனினும் வலைத்தொடர்பு அற்ற கணினிக்கு உள்ளூர் அடைவே இன்றும் புகலிடமாகும்.

காவலும் பொறுப்பும்

சான்றை வைப்பதற்கு இடம் காண்பதோடு கடமை முடிவதில்லை. நினைவகப் படியில், கரு வீழ்ந்த கணத்தில் நினைவகத்தில் இருந்த அனைத்தும் இருக்கக்கூடும்: கடவுச்சொற்கள், மறைகுறித் திறவுகள், பிறருடைய கடிதங்கள். ஆதலின் கிராஷ் அடைவைக் கணினி ஆளுநர் அல்லாத பிறர் திறவாதவாறு காத்தல் வேண்டும். ஆய்வுக்கென வெளியாருக்கு அப்படியை அனுப்பும்போது இன்னும் விழிப்பு வேண்டும். கருவின் முகவரிகளைக் காட்டும் பெயர்ப்பட்டியலும் தீயோர்க்குத் துணையாகலாம். அதனைத் தடுக்க, கணினி எழும் ஒவ்வொரு முறையும் கருவின் முகவரியை இடம்பெயர்க்கும் முறை 2014இல் லினக்ஸில் சேர்க்கப்பட்டது.

இட அளவும் கருதத்தக்கது. ஒரு கணினி மீண்டும் மீண்டும் வீழ்ந்தால், நினைவகப் படிகள் குவிந்து வட்டை நிரப்பிவிடும். வார் அடைவு நிரம்பினால் பிற பணிகளும் நிற்கும். பழைய சேவ்கோர் நிரலே இதற்கும் வழி கண்டிருந்தது. இவ்வளவு இடம் எஞ்சாவிடில் படியைச் சேர்க்காதே என்று ஒரு சிறு கோப்பில் எழுதி வைத்தால், அது கட்டளைக்கு அடங்கி நடந்தது. இவ்வாறு எதனைக் காப்பது, எத்துணைக் காலம் காப்பது, எப்போது விடுவது என்னும் மூன்றையும் முன்னரே வரையறுத்தல் நல்லாட்சியின் இலக்கணம்.

முடிவுரை

கருவின் வழுவாய்வுக் கோப்புகளுக்கு உரிய இடம் எது என்னும் வினாவுக்கு அரை நூற்றாண்டு வரலாறு தரும் விடை இதுவாகும். கரு பூட்டில் இருக்கட்டும். அதன் உரை யூஎஸ்ஆரின் டீபக் அடைவிலோ, எண்ணால் தேடத்தக்க பொது நூலகத்திலோ இருக்கட்டும். வீழ்ச்சியின் சான்று, காவல் உள்ள வாரின் கிராஷ் அடைவில் இருக்கட்டும். மூன்றும் மூன்று இடங்களில் இருப்பினும், அடையாள எண் என்னும் ஒரே நூலால் அவை கோக்கப்பட்டிருத்தல் வேண்டும். இடத்தால் பிரிவதனால் தீங்கில்லை. தொடர்பு அறுவதே தீங்கு.

இஃது எங்கோ தொலைவில் உள்ள பொறியாளர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. கோப்பெங் கடைத்தெருவில் ஒருவர் கையில் உள்ள ஆண்டிராய்டு தொலைபேசியின் உள்ளே இயங்குவதும் லினக்ஸ் கருவே. வங்கியிலும் மருத்துவமனையிலும் மின்வாரியத்திலும் இயங்கும் கணினி ஒன்று நின்று, தானே மீண்டும் எழுந்துவிட்டால், பிழை தீர்ந்தது என்று மகிழ்வோர் உண்டு. பிழை தீரவில்லை, சான்றுதான் அழிந்தது. காரணம் அறியப்படாத வீழ்ச்சி, மீண்டும் வரும் நாளை எதிர்நோக்கி நிற்கும் வீழ்ச்சியே ஆகும். நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்யுமாறு வள்ளுவர் பணித்ததும் இதுபற்றியே.

மாணவன் செய்த பிழையை அழிப்பான் கொண்டு அழித்துவிடச் செய்யாமல், ஏட்டில் சிவப்பு மையால் குறித்து, அருகே திருத்தத்தையும் எழுதி வைப்பது ஆசிரியர் மரபு. ஆண்டிறுதியில் அவ்வேட்டைப் புரட்டினால், பிழைகள் குறைந்து வந்த வழி தெரியும். கிந்தாவின் ஈயத் தொழில் 1985ஆம் ஆண்டின் விலை வீழ்ச்சியில் நலிந்தபோதும், அமாங்கின் பயன் மறைந்துவிடவில்லை. இன்று வேண்டா என்று ஒதுக்குவதற்கும் ஓர் இடம் வகுத்து, பெயரிட்டு, எண்ணிட்டு வைப்போர், நாளைய அறிவுக்கு விதை வைத்தோர் ஆவர்.